பதினேழரைப் பாக வட்டம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காசிமேட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபமும் எப்போதும் மூக்கு நுனியிலேயே நிற்கும். அப்படிப்பட்ட நான் என் ஓரகத்தியைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் குழாயடியில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் நாங்கள். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. போட்ட சண்டைகளைத் தனியாகவே எழுதலாம். ஆனால் நல்லதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதுவும் என் சுபாவம்தான்.

அவள் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவள். பிளஸ் டூ முடித்து ஆறேழு வருஷம் கழித்துத்தான் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வஞ்சிர மீனுக்கும் சீலா மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றவளை நான் கேலி செய்யாத நாள் இல்லை. என் கொழுந்தன் கத்தாரில் வெல்டர். அவன் விமானம் ஏறும்போது இவள் வயிற்றில் பிள்ளை. அந்தப் பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அப்பன் என்றால் அதற்கு செல்போன்தான். போன் மணி அடித்தாலே "அப்பா" என்று கத்தும், கூப்பிடுவது கேஸ் கம்பெனிக்காரனாக இருந்தாலும்.

கொழுந்தன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். "உனக்கு ஒரு கவர்மெண்டு வேல மட்டும் கெடச்சிட்டா அடுத்த ஃபிளைட்ட புடிச்சி வந்துர்றேன். இங்கயே எதுனா வெல்டிங் வேல பாத்துகினு புள்ளையோட குந்திக்கிறேன்." வேறு ஒருத்தியாக இருந்தால் அதைக் கேட்டு அழுதிருப்பாள். இவள் அடுத்த நாளே காவலர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள்.

எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டாள். குழந்தையை ஒரு தொடையில் போட்டுக்கொண்டு, மறு தொடையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்த படிப்பு அது. மிச்சம் இருந்தது உடல் தகுதித் தேர்வு. அதில் ஓட்டம்தான் அவளுக்குக் கண்டம். நானூறு மீட்டரை அவர்கள் வைத்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் அங்கிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றால் அடுத்த தடவைக்கு அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆக, இதை விட்டால் வேறு இல்லை. கொழுந்தன் கத்தாரிலும் குழந்தை செல்போனிலும் கிடக்க வேண்டியதுதான்.

ஓட ஓர் இடம் வேண்டுமே. கடற்கரை என்று எங்களுக்கு இருப்பது கடல் அரிப்புக்குக் கொட்டிய கருங்கல் குவியல். சாலையில் ஓடலாம் என்றால் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் திருவொற்றியூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு குடோனுக்குப் பின்னால் காலி இடம் ஒன்று கிடைத்தது. அங்கே காவல் இருந்தவர் என் வீட்டுக்காரருக்குத் தோஸ்து. "காத்தால லாரி வர்றதுக்குள்ள ஓடிட்டுப் போய்க்கினே இரும்மா" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு சாக்பீஸோடு வாசல் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானூறு மீட்டர் வட்டத்துக்கு அந்த இடம் போதாது. அதனால் இருநூறு மீட்டரில் ஒரு வட்டம் போட்டு இரண்டு முறை சுற்றுவது என்று முடிவு செய்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வலை கோர்த்துக்கொண்டிருந்தார். அவர் விசைப்படகு ஓட்டுபவர். அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. ஆண்கள் எல்லாம் வீட்டில் எங்கள் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நடுவுல ஒரு முளைய அடிச்சி, அதுல கயித்த கட்டி, இஸ்துப் புடிச்சிகினு சுத்தி வந்தா வட்டம். கயிறு எத்தினி நீளமோ அதான் ஆரம். அத்த மட்டும் கண்டுபுடிச்சா போதும்."

"அத்த எப்டி கண்டுபுடிப்ப? வட்டமே இன்னும் போடலியே?"

"சுத்தளவு தெரியும் இல்ல மாமா. இருநூறு. அதுலேந்து உள்ள போவலாம்."

உண்மையாகச் சொல்கிறேன், இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானும் பத்தாவது வரை படித்தவள்தான். ஆரம், விட்டம், சுற்றளவு என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு, அன்றே மறந்தவள். இன்னும் போடாத ஒரு வட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் நடுவுக்கு நடந்து போகலாம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவள் இருநூறை ஏழால் பெருக்கி நாற்பத்து நான்கால் வகுத்தாள். முப்பத்தொன்று புள்ளி எட்டு வந்தது.

"முப்பத்தொண்ணே முக்கா மீட்டருக்கு ரவ கூட, மாமா."

"மீட்டரு கீட்டரு எல்லாம் வாணாம். பாகத்துல சொல்லு."

கடலுக்குப் போகிறவர்களுக்குக் கயிறு, வலை, தண்ணீரின் ஆழம் எல்லாமே பாகத்தில்தான். இரண்டு கையையும் பக்கவாட்டில் நன்றாக விரித்தால் இந்தக் கை விரல் நுனியிலிருந்து அந்தக் கை விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே எண்ணுவார்கள். "ஒரு பாகம்னா ஆறடி" என்றார் என் வீட்டுக்காரர், அரசாங்கமே அவரைக் கேட்டுத்தான் அடியை வைத்தது போல. அவள் மீட்டரை அடியாக்கி, அடியை ஆறால் வகுத்தாள். பதினேழரைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

"பதினேழரைன்னே வெச்சிக்கலாம் மாமா. ரவ கூட ஓடுனா நா இன்னா தேஞ்சா பூடுவேன்?"

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் போனோம், குழந்தை என் இடுப்பில். இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் இருக்கும் முள்ளையும் உடைந்த பாட்டிலையும் மொத்தமாக வாரிவிடுகிறேன் என்று இறங்கினார். அவள் தடுத்தாள். "மாமா, உள்ள கீறது பரப்பளவு. ஆரத்த ஆரத்தாலயே பெருக்கி, அத்த மூணே சொச்சத்தால இன்னொரு வாட்டி பெருக்கணும். முக்கா ஏக்கராவுக்கு மேல வருது. நா ஓடப்போறது ஓரத்துல மட்டும்தான்." முக்கால் ஏக்கர் என்றதும் மனிதர் மண்வெட்டியைக் கீழே போட்ட வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் செதுக்கினோம்.

அவர் முளை அடித்தார். கையை விரித்து விரித்துக் கயிற்றைப் பதினேழரைப் பாகம் அளந்து முடிச்சுப் போட்டார். கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க, பின்னாலேயே நான் சுண்ணாம்புத்தூளைக் கொட்டிக்கொண்டு போனேன். புறப்பட்ட இடத்துக்கே கோடு சரியாக வந்து சேர்ந்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்தக் கோட்டின்மேல் ஒரு சுற்று நடந்தாள்.

"ஸோக்கா கீது மாமா" என்றாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அதே வேலை. நான் போனில் நேரம் பார்ப்பேன், அவள் ஓடுவாள். முதல் நாள் ஒரு சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இரண்டு சுற்றையும் முடித்தாள். பிறகு ஓடி முடித்துவிட்டு மதில் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஒரு நாளாவது வலிக்கிறது என்றோ, இன்று வேண்டாம் என்றோ சொல்வாள் என்று பார்த்தேன். ம்ஹூம். வீட்டுக்கு வந்ததும் என் பங்குப் பாத்திரத்தையும் சேர்த்துத் தேய்ப்பாள். சண்டை போடக்கூட எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

நேரம் மளமளவென்று குறைந்து வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. கெடுவுக்கு மேலே ஆறேழு விநாடி. எவ்வளவு முட்டினாலும் அந்த ஆறேழு விநாடி போகவில்லை. தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முட்டை குடி என்றார் ஒருவர், பேரீச்சம்பழம் தின்னு என்றார் இன்னொருவர். அவளும் குடித்தாள், தின்றாள். ஆறேழு விநாடி அப்படியே இருந்தது.

கத்தாரிலிருந்து போன் வந்தால் குழந்தையிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் ஓடி முடித்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உட்டுடலாமாக்கா?"

"இன்னாத்த உட்டுடறது? கால ஒடச்சிடுவேன்" என்று கத்தினேன். காலை ஒடித்துவிட்டால் எப்படி ஓடுவாள் என்று கத்திய பிறகுதான் தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு பாடுபடுகிறவளுக்கு இன்னும் ஆறு விநாடி கொடுத்தால் இந்த உலகத்துக்கு என்ன குறைந்துவிடும் என்று வழியெல்லாம் ஆத்திரமாக வந்தது.

தடைக்காலம் முடிந்தது. என் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குக் கிளம்பினார். வட்டம் போட்ட கயிறும் படகோடு போய்விட்டது. அவர் போன பின்னால் நல்ல மழை. மழை விட்டதும் எங்கிருந்தோ டிரெய்லர்களைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவை கிளம்பிப் போனபோது கோடும் இல்லை, முளையும் இல்லை, மைதானம் முழுக்க டயர் பதிந்த சேறு.

"மாமா வரட்டும்க்கா" என்றாள்.

"ஏன், ஒங்க மாமா இல்லாட்டி வட்டம் வராதா? தள்ளு."

புதுக் கயிறு வாங்கினேன். அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே நான். கையை விரித்து விரித்து, எண்ணி எண்ணி, பதினேழரைப் பாகம் அளந்தேன். புது முளை அடித்து, சுண்ணாம்பு கொட்டினேன். என் கைக்கும் வட்டம் அழகாகத்தான் வந்தது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அவள் ஓடினாள். இரண்டாவது சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியதும் போனைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். கெடுவுக்கு எவ்வளவோ முன்னாலேயே முடித்திருந்தாள். நான் போட்ட கத்தலில் காவல்காரர் யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று தடியோடு ஓடிவந்தார். அவள் அந்த மண்ணிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அங்கேயே உட்கார்ந்து கத்தாருக்கு வீடியோ கால் போட்டாள். "மெய்யாலுமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு அவன் முகத்தை மூடிக்கொண்டான். டிக்கெட் விலை பார்க்கிறேன் என்றான். தெரு முழுக்க நான் ஜாங்கிரி கொடுத்தேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ஓடி முடித்தும் அவளுக்கு மூச்சு மிச்சம் இருந்தது. அந்த வாரத்திலேயே உடல் தகுதித் தேர்வுக்கு அழைப்பும் வந்தது.

என் வீட்டுக்காரர் கரைக்கு வந்த அன்று, துறைமுகத்திலிருந்து நேராக மைதானத்துக்கே வந்தார், லுங்கியில் மீன் செதிளோடு. வட்டத்தின் நடுவில் போய் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னாம்மே இது? வட்டம் சூம்பிப்போய் கீது?"

"உன் கண்ணு சூம்பிப்போய் கீது. பதினேழரைப் பாகம். நானே அளந்தேன்."

"நீயா அளந்த?" என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "எங்க, கைய நீட்டு."

நீட்டினேன். அவரும் என் எதிரில் முகத்துக்கு முகம் நின்று நீட்டினார். என் விரல் நுனி அவர் மணிக்கட்டைக்கூட எட்டவில்லை.

"இதான் உன் பாகமா? இத்த நம்பி ஆழம் பாத்தா படகு தரை தட்டிடும்" என்று அவர் ஹோவென்று சிரித்தார். நானும் விடவில்லை. "ரொம்பத்தான் பேசாத. உன் கை மட்டும் ஆறடின்னு எவன் சொன்னான்?"

"எங்கப்பா சொன்னாரு. பாகம்னா ஆறடி."

"உங்கப்பா கையும் உன் கையும் ஒண்ணா? அவரு உன் தோளு ஒசரந்தான் இருந்தாரு."

அவர் சிரிப்பு நின்றது. பாவம், அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஒரு படகில் கயிறு அளப்பது ஒரே ஆள். அவன் விட்ட கயிற்றை அவனே இழுக்கிறான், அவன் அளந்த ஆழத்தில் அவனே வலை போடுகிறான். அவன் கை நீளமோ குட்டையோ, கணக்கு அவனுக்குள் சரியாகிவிடும். யார் பாகம் என்று கடலில் யாரும் கேட்பதில்லை. அரசாங்கத்தின் மீட்டருக்கு எதிரில் அந்தக் கையை நீட்டியதில்தான் வந்தது வினை.

அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கட்டில் கை நின்றுவிட்டது. எழுந்து எங்கள் பக்கத்தில் வந்தாள். குரலைக் கொஞ்சமும் உயர்த்தவில்லை.

"மாமா, ஒங்க கை ஒரு அளவு. அக்கா, ஒங்க கை ஒரு அளவு. ரெண்டு பேரும் ஒங்க கைய வெச்சி என் கால அளந்துகினு இருந்தீங்களா, இத்தினி நாளா?"

அவள் விடுவிடுவென்று வெளியே போனாள். எதிரில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த கொத்தனாரிடம் நீள டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். என்னை மதிலோடு நிறுத்திக் கையை விரிக்கச் சொல்லி அளந்தாள். ஐந்தடி. அவரை நிறுத்தி அளந்தாள். ஆறடி ஐந்து அங்குலம். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மண்ணில் குந்தினாள்.

"ஆரத்துல ஒரு அடி மாறுனா சுத்துல ஆறே கால் அடிக்கு மேல மாறும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதலில் என் வட்டத்தைப் போட்டாள். பெருக்கி, வகுத்து, அடியை மீட்டராக்கினாள். இரண்டு சுற்றுக்கும் சேர்த்து முந்நூற்று முப்பத்தைந்து சொச்சம்.

"அப்ப நா பாஸே ஆவல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தெரு முழுக்க நான் கொடுத்த ஜாங்கிரியை நினைத்தேன். வீடியோ காலில் முகத்தை மூடிக்கொண்ட கொழுந்தனை நினைத்தேன். அவளைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அதை அழித்துவிட்டு, அவருடைய வட்டத்தைப் போட ஆரம்பித்தாள். பாதியில் குச்சி நின்றது. மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள்.

"அக்கா." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா வட்டத்துல நா நானூறு ஓடலக்கா. நானூத்தி முப்பது ஓடிகினு இருந்திருக்கேன்."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்த ஆறேழு விநாடி! வாந்தி எடுத்தும் நகம் விழுந்தும் போகாத அந்தப் பாழாய்ப்போன ஆறேழு விநாடி, இருக்கவே கூடாத முப்பது மீட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. "அப்ப நீ எப்பவோ பாஸுடி!" என்று குதித்தேன்.

"கணக்குல பாஸாவறது வாணாங்க்கா. ஓடிப் பாத்துட்டு சொல்றேன்."

எங்கள் இருவரையும் அவள் கயிற்றைத் தொட விடவில்லை. டேப் முப்பது மீட்டர்தான் இருந்தது. மிச்சத்துக்கு ஒரு துண்டுக் கயிற்றை அளந்து முடிந்தாள். தானே முளையடித்து, தானே சுற்றி வந்து, தானே கோடு போட்டாள். அவருடைய வட்டத்துக்கும் என் வட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது அது. ஓடினாள். நேரத்தைப் பார்த்தேன். கெடுவுக்கு மூன்று விநாடி முன்னால்.

போனை அவள் கண்ணெதிரில் காட்டினேன். பார்த்துவிட்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மதில் பக்கம் திரும்பி நின்றார்.

சாயங்காலம் கத்தாரிலிருந்து போன் வந்தது. இந்த முறை அவளே எடுத்தாள்.

"டிக்கெட்டு போட்டுட்டியா?"

"பாத்துகினே கீறேன். ரேட்டு ரவ எறங்கட்டும்."

"போடாத. அன்னிக்கி சொன்னது சின்ன வட்டம். நா இன்னும் பாஸாவல."

நான் அவள் தொடையில் கிள்ளினேன். "இன்னிக்கி பாஸ்தானேடி? அத்த சொல்லேண்டி."

போனை வைத்த பின்னால்தான் பதில் சொன்னாள். "மூணு செகண்டு இன்னாக்கா? ஒரு தும்மல் வந்தா பூட்ச்சு. அது அங்கேந்து பொட்டிய கட்டிகினு வந்து எறங்குனப்பறம் நா பாஸாவலன்னு சொல்றதா?" ஒரு பொய்யான மகிழ்ச்சியைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, கையில் இருக்கும் உண்மையான மகிழ்ச்சியையும் இன்னும் நேரமாகவில்லை என்று மூடி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது. நான் அடுத்த ரவுண்டு ஜாங்கிரிக்குச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் அவள் இன்னொன்றும் செய்தாள். "மாமா, ஒங்க கையால பழையபடி ஒரு வட்டம் போட்டுக் குடுங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "தப்பு வட்டம்மா அது" என்றார். "தெரியும் மாமா. அதுலயே ஓடுறேன். அங்க போறப்ப எனக்கு மூச்சு மிச்சம் இருக்கணும்." அவர் கையை விரித்துக் கயிற்றை அளந்தபோது கண் கலங்கியிருந்தது. தேர்வு நாள் வரைக்கும் அவள் அந்த நானூற்று முப்பதைத்தான் ஓடினாள், தெரிந்தே.

தேர்வு நகரத்தின் மறு கோடியில் ஒரு பெரிய மைதானத்தில் நடந்தது. இவர் கடலில் இருந்தார். நானும் குழந்தையும் அவளைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். உள்ளே வேறு யாருக்கும் அனுமதி இல்லை. "சாப்பாட்டுல காரம் போடாதீங்கக்கா, புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வெளியே எங்களைப் போல நிறையப் பேர் நின்றார்கள். அங்கே நின்ற ஒரு தகப்பனார்தான் விவரம் சொன்னார். ஓட்டத்தில் தவறியவர்களை உடனுக்குடன் அந்தக் கேட் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். தேறியவர்களை அடுத்த தேர்வுகளுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். எல்லாம் முடிய மத்தியானம் ஆகும். அதைக் கேட்டதிலிருந்து நான் அந்தக் கேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேட் திறந்தது. ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். அவள் இல்லை. மறுபடி திறந்தது. இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவள் இல்லை. ஒரு பெண் வெளியே வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்; அவளுடைய அம்மா ஓடிப்போய் மடியில் சாய்த்துக்கொண்டாள். கேட் ஒவ்வொரு தடவை கிறீச்சிடும்போதும் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தேன். பள்ளி வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் யாராவது வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன். வரக்கூடாது, வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒருத்திக்காக நின்றது அன்றுதான். குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறியது. கேட் திறப்பது குறைந்து, பிறகு நின்றே போனது. கூட்டம் பாதி கரைந்துவிட்டது, தகப்பனாரும் அவர் மகளும்கூடப் போய்விட்டார்கள். மதில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவர் கூடையோடு ஓடிவந்தார். "இன்னாம்மா, உங்கூட்டுப் பொண்ணும் அவுட்டா?"

"இல்லப்பா, இல்ல" என்றேன். "உள்ளதான் கீறா. இன்னும் உள்ளதான் கீறா."